புட் ஓஃப்: தள்ளிப்போனது பயணமா, மனமா?

உப்புவெளியில் விருந்தினர் விடுதியொன்றின் வரவேற்புப் பிரிவில் பணிபுரியும் வாசகி ஒருவர், தமக்கு வந்த ஆங்கிலச் செய்தியொன்றை அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார். ‘வி ஆர் புட்டிங் ஓஃப் பிஜன் ஐலண்ட் ட்டில் தேர்ஸ்டே. த வேவ்ஸ் ஹேவ் புட் மை வைஃப் ஓஃப்’ என்று விருந்தினர் எழுதியிருந்தாராம். புட் ஓஃப் என்றால் பிற்போடுதல் என்றே பாடசாலையில் படித்த தமக்கு, அலைகள் எப்படி ஒருவரின் மனைவியைப் பிற்போடும் என்பது விளங்கவில்லை என்றும், புறாத்தீவுக்குப் பேசிவைத்த படகை இரத்துச் செய்வதா வைத்திருப்பதா என்று நிலாவெளிப் படகுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும் அவர் எழுதுகிறார்.

படகை இரத்துச் செய்ய வேண்டாம்; வியாழக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆனால் மனைவிக்கும் இடம் வைக்க வேண்டுமா என்பதை விருந்தினரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். முதல் வாக்கியம் பயணத்தை வியாழன்வரை தள்ளிவைப்பதாகச் சொல்கிறது. இரண்டாவது வாக்கியமோ, அலைகளைக் கண்டதும் மனைவிக்குப் போகும் எண்ணமே விட்டுப்போயிற்று என்கிறது.

ஒரே வினை அடுத்தடுத்த வரிகளில் இருவேறு பொருள் தருவதற்குக் காரணம், அது எதன் மேல் செல்கிறது என்பதே. கூட்டம், பயணம், பரீட்சை, கலியாணம் போன்ற நிகழ்வோ செய்ய வேண்டிய வேலையோ செயப்படுபொருளாக வந்தால், புட் ஓஃப் பெரும்பாலும் பிற்போடுதலையே குறிக்கும். எதுவரை என்பதைச் சொல்ல ட்டில் அல்லது அன்ட்டில் பின்னால் வரும். ஓர் ஆள் செயப்படுபொருளாக வரும்போதுதான் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த ஆளுக்கு விருப்பம் கெட்டுப்போனதாகவோ கவனம் சிதறியதாகவோ இருக்கலாம். அல்லது நாளை வா, மறுநாள் வா என்று சாட்டுச் சொல்லி அவரை இழுத்தடிப்பதாகவும் இருக்கலாம். கடன் கேட்டு வந்தவரை ‘ஹி கெப்ட் புட்டிங் மீ ஓஃப்’ என்று புலம்ப வைப்பது இந்தக் கடைசி வகை.

விருப்பம் கெடுவதைச் சொல்லும்போது, வெறுத்துப்போன பொருள் ஓஃப் என்பதற்குப் பின்னால் வரும். ‘த ஸ்மெல் புட் மீ ஓஃப் ஃபிஷ்’ என்றால் அந்த நாற்றத்தோடு எனக்கு மீன் என்றாலே வேண்டாமென்று ஆகிவிட்டது என்பது கருத்து. இப்போது இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ‘ஐ புட் ஓஃப் ஈட்டிங்’ என்பவர் பிறகு சாப்பிடுவார். ‘இட் புட் மீ ஓஃப் ஈட்டிங்’ என்பவருக்குச் சாப்பிட மனமில்லை. இடையில் வந்த மீ என்ற ஒரு சிறு சொல்தான் வேறுபாடு. விருந்தினரின் முறைப்பாட்டில் இதை மாற்றிப் படித்தால் சமையலறைக்குத் தவறான செய்தி போய்விடும். இரண்டிலும் ஈட்டிங் என்றே வந்திருப்பதையும் கவனியுங்கள். ‘புட் ஓஃப் டு ஈட்’ என்று நம்மவர்கள் எழுதுவது பிழை.

சொல் ஒழுங்கில் ஒரு விதியை இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும். ‘புட் ஓஃப் த ட்ரிப்’, ‘புட் த ட்ரிப் ஓஃப்’ இரண்டும் சரியானவை. ஆனால் பெயருக்குப் பதிலாக இட், தெம், ஹிம் போன்றவை வரும்போது அவை நடுவில்தான் நிற்கும்: ‘புட் இட் ஓஃப்’. ‘புட் ஓஃப் இட்’ என்று எழுதக் கூடாது.

துடுப்பாட்ட வீரர் பந்தை அடிக்கப்போகும் கணத்தில் யாரோ கத்தி அவரது கவனத்தைக் குலைத்தாலும் புட் ஓஃப்தான். மின்விளக்கை அணைப்பதற்கு ‘புட் ஓஃப் த லைட்’ என்பது நம் நாட்டில் இன்றும் காதில் விழுகிறது; பிழையென்று தள்ள முடியாவிட்டாலும் பழைய வழக்கு, ஆதலால் அறைகளில் ஒட்டும் அறிவித்தல்களில் ‘ஸ்விட்ச் ஓஃப்’ என்றே போடுங்கள். படகு கரையை விட்டுப் புறப்படுவதையும் இதே வினையால் சொல்வதுண்டு. திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிய பழைய கப்பற் குறிப்புகளைப் படிப்பவருக்கு அது உதவலாம், வரவேற்பு மேசையில் உதவாது.

விருந்தினருக்கு இவ்வளவு எழுதினால் போதும்: ‘வி ஹேவ் புட் த ட்ரிப் ஓஃப் ட்டில் தேர்ஸ்டே, அஸ் யூ ஆஸ்க்ட். வில் யுவர் வைஃப் பி கமிங் டூ?’ பயணம் அடியோடு இல்லையென்றால் வினை ‘கோல் ஓஃப்’ ஆக மாற வேண்டும். முற்பணம் திருப்பிக் கேட்கப்படுவது பெரும்பாலும் அப்போதுதான் என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது வாசலில் தொங்கவிடும் அறிவித்தலுக்கு ‘போஸ்ட்போன்ட்’ என்பதே பொருத்தம். புட் ஓஃப் பேச்சுக்கும் செய்திப் பரிமாற்றத்துக்கும் உரியது.