12 வருடம் வாடகைக்கு இருந்துவிட்டால் வீடு குடித்தனக்காரருக்குச் சொந்தமாகிவிடுமா?

கேள்வி கேட்ட சகோதரிக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா கட்டிய வீடு. கீழ்ப்பகுதியில் ஒரு குடும்பம் 14 வருடமாக வாடகைக்கு இருக்கிறது. அப்பா காலமான பிறகு வாடகை நின்றுபோனது. காலி செய்யச் சொன்னால், "12 வருஷம் தாண்டிடுச்சு, வீடு எங்க சுவாதீனத்துல இருக்கு, இனிமே எங்களுதுதான்" என்கிறார்களாம்.

ஆகாது. பயப்படாதீர்கள். நான் பாரிமுனையில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. இந்தப் பன்னிரண்டு வருடக் கதையை நம்பி வயதானவர்கள் நடுங்கிப்போய் வருவதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒரு சொத்து ஒருவர் சுவாதீனத்தில் இருக்கிறது என்று சொல்ல, அது அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அதைத் தனக்காக வைத்திருக்கும் எண்ணமும் இருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனவருக்குச் சுவாதீனம் போய்விடுவதில்லை. வாட்ச்மேன் இருபது வருடம் அங்கேயே தூங்கி எழுந்தாலும் சுவாதீனம் முதலாளியுடையதுதான். வாடகைக்கு விட்டால், குடியிருப்பவர் கையில் வீடு இருக்கும். ஆனால் அவர் வழியாக உரிமையாளருக்கும் சுவாதீனம் தொடர்வதாகவே சட்டம் பார்க்கிறது. காலி மனை என்றால், எதிராக வேறு சாட்சியம் இல்லாதவரை, பத்திரம் யாரிடமோ அவரிடமே சுவாதீனமும் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

சரி, அந்த 12 வருடம் எங்கிருந்து வந்தது? 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்திலிருந்து. உரிமையாளருக்கு விரோதமாக, வெளிப்படையாக, இடைவிடாமல், "இது என்னுடையது" என்றே ஒருவர் 12 வருடம் அனுபவித்து, உரிமையாளரும் வழக்குப் போடாமல் இருந்தால், உரிமையாளரின் உரிமையே அழிந்து, அது அனுபவித்தவருக்கு வந்துவிடும். இதுதான் எதிரிடை அனுபவம். அரசு நிலம் என்றால் 30 வருடம். இப்படி வந்த உரிமையை வைத்து அனுபவித்தவர் தானே வழக்கும் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது.

ஆனால் அனுமதியோடு உள்ளே வந்தவருக்கு இந்தக் கணக்கு ஓடாது. உங்கள் அப்பாவிடம் அட்வான்ஸ் கொடுத்து, அவர் கையால் சாவி வாங்கி வந்தவர்கள் அவர்கள். வாடகைதாரராக இருக்கும்வரை, வீட்டைக் கொடுத்தவரின் உரிமையை மறுக்க அவர்களுக்கு இடமே இல்லை. 2012-இல் கோவா வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில், சகோதரியின் வீட்டில் தங்கியிருந்த சகோதரர் உரிமை கேட்டபோதும், உறவின் பேரில் எத்தனை காலம் இருந்தாலும் உரிமை பிறக்காது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. எத்தனை வருடம் இருந்தார்கள் என்பதைவிட, எந்த அடிப்படையில் நுழைந்தார்கள் என்பதே பெரிய கேள்வி. இபி பில் அவர்கள் பெயரில் வந்தாலும், அங்கே குடியிருந்தார்கள் என்பதற்குத்தான் அது ஆதாரம்.

இனி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று. தெரிந்த ஆட்களை விட்டுச் சாமானைத் தெருவில் போடாதீர்கள், பூட்டை மாற்றாதீர்கள், தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர், குடித்தனக்காரர் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றினார். பத்திரம் அசலாக அவரிடமே இருந்தும், சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act) என்பதன் 6-ஆவது பிரிவு அப்படி. சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொத்து யாருடையது என்று பார்க்காமலே நீதிமன்றம் அவருக்குச் சுவாதீனத்தைத் திருப்பித் தரலாம். பத்திரமில்லாமல் ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தப் பிரிவுதான் கூரை. அது இருக்கத்தான் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: வாரிசுச் சான்று வாங்கி, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து, வாடகையை இனி உங்களிடம் தரும்படி வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். "வீடு எங்களுடையது" என்று அவர்கள் எழுத்தில் பதில் தந்தால், அதுவே வாடகை உரிமை பறிபோகக் காரணமாகும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 111-ஆவது பிரிவு சொல்கிறது. அப்புறம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அது செய்துகொள்ளப்படவில்லை என்பதையும் வாடகை பாக்கியையும் காட்டி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். தள்ளிப்போடாதீர்கள். வாடகை உறவு முடிந்த நாளிலிருந்து, வீட்டைத் திரும்பக் கேட்க உங்களுக்கும் 12 வருடக் கெடு ஓடத் தொடங்கிவிடும்.

ரசீது எதுவும் இல்லையே என்று கீழே கேட்டிருந்தீர்கள். அப்பாவின் பேங்க் பாஸ்புக்கைத் தேடுங்கள். மாதாமாதம் அவர்கள் கணக்கிலிருந்து ஒரே தொகை வரவாகியிருந்தால், வாடகைக்குத்தான் இருந்தார்கள் என்று காட்ட அது நல்ல ஆதாரம்.