எண்ணெய்க் கிணற்றுக்குள் வைத்த பிளக்கை மறுபடி வெளியே எடுக்க முடியுமா? அதில் என்ன ஆபத்து?

கிணற்றை அடைக்கச் சிமெண்ட் இருக்கும்போது, வைத்துவிட்டுத் திரும்ப எடுக்கிற பிளக் (குழாய்க்குள் பொருத்தும் தற்காலிக அடைப்புக் கருவி) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் வெளியே வருமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது. இந்தக் கருவிகளை ரிக்கில், அதாவது கிணற்றின் மேல் நிற்கும் துளையிடும் மேடையில், இறக்கி ஏற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: வைப்பது அரை நாள் வேலை. எடுக்கும்போதுதான் கவனம் முழுவதும் தேவைப்படும்.

ஒரே கிணற்றில் வெவ்வேறு ஆழத்தில் எண்ணெயோ வாயுவோ தரும் மூன்று நான்கு மண்டலங்கள் இருக்கலாம். கீழே உள்ளதைத் தொடாமல் மேலே உள்ளதில் மட்டும் ஆசிட் செலுத்த வேண்டியிருக்கும். கிணற்றின் சுவராக நிற்கும் எஃகுக் குழாயான கேசிங்கில் எங்கோ கசிவு இருக்கும், எந்த ஆழத்தில் என்று தேட வேண்டும். சில நேரம் கிணற்றின் தலைப்பகுதியையே கழற்றி மாற்ற வேண்டிவரும். இதற்கெல்லாம் சில நாள் அடைப்பு போதும். சிமெண்டோ வார்ப்பிரும்பு பிளக்கோ போட்டால் பிறகு துளைத்துத்தான் போக வேண்டும். அந்தத் துகள் எல்லாம் கீழ் மண்டலத்தின் மேல் போய் விழும். ஆனால் கிணற்றை நிரந்தரமாகக் கைவிடும்போது ரப்பரை நம்ப முடியாது. அங்கே சிமெண்ட்தான்.

பிளக்கின் உடம்பில் முக்கியமானவை மூன்று. முதலாவது ஸ்லிப்: பல் வெட்டிய எஃகுத் துண்டுகள். கூம்பின் மேல் ஏறி வெளியே விரிந்து கேசிங் சுவரைக் கவ்விக்கொள்ளும். இரண்டாவது ரப்பர். பெரும்பாலும் மூன்று வளையங்கள். ஓரத்து இரண்டும் கடினம், நடுவில் இருப்பது மென்மை. மேலும் கீழும் நசுக்கும்போது நடு வளையம் பிதுங்கிச் சுவரை அடைக்கும், ஓரத்து வளையங்கள் அது வழிந்து ஓடாமல் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, பிளக்கின் மேலும் கீழும் உள்ள அழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு. மூன்றில் சிறியது அதுதான், ஆனால் எடுக்கும் நாளில் எல்லாரும் அதை நம்பித்தான் நிற்போம்.

இறக்குவதற்கு முன் கேசிங்கின் உட்சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்வோம். இரண்டு குழாய்கள் சேரும் மூட்டில் ஸ்லிப் உட்காரக் கூடாது என்பதால், ஒயர்லைனில் (கருவிகளை இறக்கும் மெல்லிய கம்பியில்) மூட்டுகளைக் கண்டறியும் கருவியை விட்டு ஆழத்தைச் சரிபார்ப்போம். பிளக்கை ஒயர்லைனிலும் வைக்கலாம், குழாயில் இறக்கித் திருப்பியும் வைக்கலாம். வைத்த பிறகு அதன் தலைமேல் சில அடி உயரத்துக்கு மணல் கொட்டுவது வழக்கம். மேலே நடக்கும் வேலையில் துருச் செதிலோ இரும்புத் துகளோ விழுந்தால் மணலில் தங்கும். எடுக்கும் கருவி பிடிக்க வேண்டிய பிளக்கின் கழுத்து பாதிக்கப்படாது. எடுக்கும்போது திரவத்தைச் சுழற்றி மணலைக் கழுவி வெளியேற்ற வேண்டும்.

இனி ஆபத்து. 7 அங்குல கேசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அடிக்கு 29 பவுண்டு எடை உள்ளது. அதன் உள்விட்டம் 6.184 அங்குலம், அதாவது பரப்பு ஏறத்தாழ 30 சதுர அங்குலம். பிளக்கின் கீழே, மேலே இருப்பதைவிட 1,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கூடுதல் அழுத்தம் இருந்தால், 30,000 பவுண்டு விசை அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. கிட்டத்தட்ட 13.6 டன். அந்த நிலையில் ஸ்லிப்பை விடுவித்தால், பிளக்கும் அதைப் பிடித்திருக்கும் குழாயும் சேர்ந்து மேலே எறியப்படும். அதனால்தான் எடுக்கும் கருவி பிளக்கின் கழுத்தைப் பிடித்ததும் முதல் அசைவில் வால்வு மட்டும் திறக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமமான பிறகுதான் ஸ்லிப்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிணறு. பிளக் சுமார் 2,000 மீட்டரில். மேலே முழுவதும் தண்ணீர். அதன் எடை அந்த ஆழத்தில் 2,850 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தும். கீழ் மண்டலத்தின் அழுத்தம் அதைவிட 1,000 அதிகம் என்று பழைய பதிவு சொன்னது. கழுத்தைப் பிடித்தோம், மேலே கிணற்றை மூடினோம், வால்வைத் திறக்கும் அசைவைக் கொடுத்தோம். வால்வு திறந்தால் கீழே உள்ள கூடுதல் அழுத்தம் மேலே கேஜில் தெரிய வேண்டும். கேஜில் பூஜ்யம். பத்து நிமிடம் கழித்தும் பூஜ்யம். “கீழே ஒண்ணும் இல்லை, இழுத்துரலாம்” என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

எங்களோடு இருந்த மூத்த கருவிக்காரர் குழாயை ஏற்றி இறக்கும் இயந்திரத்தின் பிரேக்கைப் பிடித்திருந்தவரின் தோளில் கை வைத்துத் தடுத்தார். “பூஜ்யம் காட்டக் கூடாதுப்பா. ஆயிரம் காட்டணும். காட்டலைன்னா வழி அடைச்சிருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரி. மணலை அரைகுறையாகக் கழுவியிருந்தோம்; மிச்சம் வால்வின் துவாரத்தில் இறுகியிருந்தது. அவர் மேலேயிருந்து பம்ப் செய்து 1,000 பி.எஸ்.ஐ. ஏற்றச் சொன்னார். இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமானதும் மறுபடி திரவம் விட்டுக் கழுவினோம், கிணற்றைத் திரும்ப மூடினோம். கேஜ் மெல்ல ஏறி ஆயிரத்துக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு கனமான மட் (கிணற்றில் நிரப்பும் அடர்ந்த சேற்றுத் திரவம்) விட்டு அந்த அழுத்தத்தை அடக்கிய பின்தான் ஸ்லிப்பை விடுவித்தோம். அன்று இழுத்திருந்தால் தளத்தில் நின்ற யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

மெக்சிகோ வளைகுடாவில் மகோண்டோ கிணற்றில் 2010 ஏப்ரல் 20 அன்று நடந்த வெடிவிபத்திலும் இப்படி ஒரு பூஜ்யம் உண்டு. அங்கே இருந்தது இந்த வகைப் பிளக் அல்ல, அடியில் போட்ட சிமெண்ட். அது தாங்குகிறதா என்று பார்க்க, மேலே அழுத்தத்தைக் குறைத்துச் சோதித்தார்கள். கிணற்றுக்குள் இறக்கியிருந்த டிரில் பைப்பில் 1,400 பி.எஸ்.ஐ. நின்றது, கிணற்றுக்குள் திரவம் செலுத்தும் பக்கக் குழாயான கில் லைனில் ஓட்டமே இல்லை. ஒரே கிணற்றுக்குள் போகும் இரண்டு வழிகள் இரண்டு விதமாகச் சொன்னால், ஏதோ ஒன்று பொய். அவர்கள் கில் லைனை நம்பினார்கள். சிமெண்ட் தாங்கவில்லை. அன்றிரவு 11 பேர் இறந்தார்கள்.

ஸ்லிப் விட்ட பிறகும் அவசரம் கூடாது. நசுங்கிய ரப்பர் பழைய அளவுக்குச் சுருங்க நேரம் எடுக்கும். உடனே வேகமாக இழுத்தால் பிளக் சிரிஞ்சின் பிஸ்டன் மாதிரி கீழே உள்ளதை உறிஞ்சும். வாயு உள்ளே வந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டு, மெதுவாக ஏற்றி, எவ்வளவு இரும்பு வெளியே வந்ததோ அந்தக் கனஅளவுக்குத் திரவம் உள்ளே போகிறதா என்று அளந்துகொண்டே வர வேண்டும்.

மாதக்கணக்கில் விட்டால் வருமா? பல நேரம் வரும். ரப்பரின் வகை, வெப்பம், கீழே இருக்கும் வாயு, மேலே படிந்த குப்பை இவைதான் தீர்மானிக்கும். சாதாரண நைட்ரைல் ரப்பர் அதிக வெப்பத்தில் இறுகிப்போகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைக் கெடுக்கும். எடுக்க வருபவர் வைத்தவராக இருக்க மாட்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பிளக்கை இறக்குவதற்கு முன் அதன் கழுத்தின் விட்டம், நீளம், விடுவிக்க எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், மேலே எத்தனை அடி மணல், கீழே எவ்வளவு அழுத்தம் எதிர்பார்க்கலாம் எல்லாவற்றையும் ஒரு தாளில் படம் போட்டு எழுதிக் கிணற்றின் கோப்பில் வைத்துவிடுவேன்.