இராட்சதப் பூசணிக்கொடியை எங்கே நிறுத்துவது?

போட்டிக்காக இராட்சதப் பூசணி வளர்ப்பவர்கள் கொடியை எவ்வளவு தூரம் படரவிடுகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள், சிங்கப்பூரில் அது நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் அட்லாண்டிக் ஜயண்ட் ரகத்தை இரண்டு முறை வளர்த்தவன் நான்.

மாடித்தோட்டக்காரர்கள் சொல்லும் 3ஜி கட்டிங்கை முதலில் மறந்துவிடுங்கள். தாய்க்கொடியின் நுனியையும் பக்கக்கொடியின் நுனியையும் கிள்ளி, மூன்றாம் தலைமுறைக் கிளைகளில் பெண்பூக்களைப் பெருக்குவது நிறைய காய் வேண்டுபவர்களுக்கான முறை. போட்டிக்கு வளர்ப்பவருக்கோ ஒரு கொடிக்கு ஒரே காய்தான். ஆகவே தாய்க்கொடியை ஓடவிட்டு, இருபுறமும் வரும் பக்கக்கொடிகளை வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து கிளைப்பதை இலைக்கக்கத்திலேயே, அதாவது இலைக்காம்பு கொடியோடு சேரும் இடத்திலேயே, கிள்ளிவிடுகிறார்கள். விட்டுவைத்தால் காய்க்குப் போகவேண்டிய சர்க்கரையைப் புது நுனிகள் பங்குபோட்டுக்கொள்வதோடு, இலைமேல் இலை மூடி, நம் ஈரக்காற்றில் நோய்க்கும் வழி திறந்துவிடும்.

பக்கக்கொடிகளைத் தூரை ஒட்டி 3 முதல் 4 மீட்டர் வரை விட்டு, நுனியை நோக்கிப் போகப் போகக் குட்டையாக நிறுத்துவார்கள். மேலிருந்து பார்த்தால் கிறிஸ்துமஸ் மரம் போலிருக்கும். தூரிலிருந்து 3, 4 மீட்டர் தள்ளித் தாய்க்கொடியில் வரும் பிஞ்சைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், ஏனென்றால் அதை ஊட்டுவதற்கு அதன் பின்னே போதிய இலைகள் இருக்க வேண்டும். ஒரே செடிக்கு 50 சதுர மீட்டர் கொடுப்பது வெளிநாட்டுப் போட்டியாளர்களிடையே சாதாரணம். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் பாத்தியோ 2.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும்தான்! எங்கள் தோட்டத்திலும் இடம் பெரிதில்லை. முதல் முறை நான் வெட்டத் தயங்கியதால், பக்கத்துப் பாத்தியின் காங்கோங் கீரை என் இலைகளுக்கடியில் வெளுத்துப்போனது.

கணுக்களை மண்ணில் புதைத்தால் ஒவ்வொன்றிலும் வேர் இறங்கி, கொடிக்கு நீரும் சத்தும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் காய்க்கு இருபுறமும் உள்ள சில கணுக்களை மட்டும் புதைக்கக்கூடாது. அங்கே வேர் இறங்கியிருந்தால் அறுத்துவிட வேண்டும். காய் பருக்கும்போது அதன் தோள் உயர்ந்து கொடியையும் மேலே தூக்கும், அப்போது கொடி மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் காம்பு கிழிந்துவிடும். என் முதல் காய் இப்படித்தான் போயிற்று. இரண்டாம் முறை, பிஞ்சு கைப்பந்து அளவில் இருக்கும்போதே காயின் தோளை விட்டு விலகும்படி கொடியை நாளுக்குச் சிறிதாக வளைத்துவைத்தேன், காம்பு தப்பியது.

எடையைக் கேட்டால் 21 கிலோ. இயன், ஸ்டுவர்ட் பேட்டன் சகோதரர்கள் 2025இல் இங்கிலாந்தில் உலக சாதனை படைத்த காய் 1,278.8 கிலோ! அங்கே கோடைப் பகல் நீளமானது, இரவு குளிர்ச்சியானது. இங்கே 12 மணி நேரப் பகலில் சேர்த்த சர்க்கரையில் கணிசமானதை வெப்பமான இரவில் செடியே சுவாசித்துச் செலவழித்துவிடுகிறது. அதனால் இங்கே இடம் எவ்வளவோ அவ்வளவு இலையையும் வைத்துக்கொண்டு, எல்லையைத் தொட்ட நுனியை அன்றைக்கே வெட்டிவிடுங்கள். வெட்டுவதை மழையில்லாத காலையில் செய்யுங்கள். டிசம்பர் மழையில் வெட்டுவாய் காயாமல் அழுகல் உள்ளே இறங்கிவிடுகிறது.