பெரிய ரிவால்வர் பற்றி நீங்கள் கேட்டவை

ராணுவ ஆயுதக் கிடங்கில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். ஊருக்குத் திரும்பியபின் நாகர்கோவிலில் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ரிவால்வரைப் பற்றியவை என்பதால் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளி) உண்டு. பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை. .44 மேக்னம் ரிவால்வர் இருந்தால் ஒரே வெடியில் விழுந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். லைசென்ஸ் கிடைக்குமா ஐயா?

பன்றி புகுந்த மரச்சீனித் தோட்டம் மறுநாள் காலையில் எப்படிக் கிடக்கும் என்பதைப் பார்த்தவன் நான். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் லைசென்ஸ் கையில் இருந்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற விலங்கு. கேரளத்தில் உள்ளாட்சித் தலைவரின் உத்தரவு பெற்று லைசென்ஸ்காரர்கள் சுடுகிற ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அது வனத்துறையின் பொறுப்பு. சேதத்தைப் போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, .44 மேக்னம் இங்கே கடையில் கிடைக்காது. புள்ளி போட்ட எண் ஏறக்குறைய குண்டின் அகலம், அங்குலக் கணக்கில். மேக்னம் என்றால் சக்தி கூடிய தோட்டா. சாதாரண லைசென்ஸ்காரர்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி வருவது 1980களிலேயே நின்றுபோனது. இன்று புதிதாக வாங்கக்கூடிய ரிவால்வர் பெரும்பாலும் .32 தான். கான்பூரில் செய்கிறார்கள். 2014இல் வந்த நிர்பீக், 2023இல் வந்த பிரபல் இரண்டுமே .32 தோட்டா போடுபவை. சொந்தப் பாதுகாப்புக்கென்று கேட்பதானால் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும். போலீஸ் விசாரணையும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கி, லைசென்ஸ் காலம் 5 வருடம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விடியுமுன்னே ஹெட்லைட் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்ட வருகிறவர்கள் உங்கள் தோட்டத்துக்குள்தான் நடக்கிறார்கள். இருட்டில், ஓடுகிற பன்றியைக் குறிவைத்து, கைத்துப்பாக்கியால் சுட்டுக் குறி தப்பிய குண்டு எங்கே போய் நிற்கும்? ரிவால்வர் எந்த அளவானாலும் இந்த வேலைக்கு வேண்டாம்.

தக்கலையில் பழைய வீட்டை இடிக்கும்போது பாட்டாவின் (தாத்தாவின்) டிரங்குப் பெட்டியில் ஒரு ரிவால்வர் இருந்தது. பேரலுக்குப் பக்கத்தில் வெப்ளி என்றும் .455 என்றும் போட்டிருக்கிறது. ஆறு தோட்டாவும் உண்டு. பாட்டா பட்டாளத்தில் இருந்தவர். நினைவாக வைத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து அதை இனி கையில் எடுக்காதீர்கள். தோட்டாக்களைத் துடைக்கக்கூட வேண்டாம். பித்தளையில் பச்சை பூத்திருந்தால் இன்னும் கவனம்.

வெப்ளி .455 நல்ல ஆயுதம். பிரிட்டிஷ் படையில் 1887இல் நுழைந்தது. 1915இல் வந்த ஆறாம் மாடல் ஒரு கிலோவுக்கு மேல் எடை. மேலே உள்ள கொக்கியை அழுத்தினால், தோட்டாக்கள் இருக்கிற சிலிண்டர் பேரலோடு சேர்ந்து முன்பக்கம் மடியும், காலி தோட்டாக்கள் ஆறும் ஒன்றாக வெளியே தள்ளப்படும். குண்டு கனமானது, 17 கிராம் வரும், வேகம்தான் குறைவு. நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இப்படி ஒரு பெட்டி திறப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சிக்கல் என்னவென்றால், .455ம் .380ம் ராணுவத் தோட்டா என்பதால் அவற்றைப் போடக்கூடிய ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. கலெக்டர் கொடுக்கிற லைசென்ஸில் இவை அடங்காது, மத்திய அரசுதான் அனுமதிக்க முடியும். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 7 வருடச் சிறை, 14 வரை போகலாம். பாட்டாவின் பெயரில் பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று அதே பெட்டியில் தேடுங்கள். பிறகு ஒரு வக்கீலை வைத்து, எப்போது எங்கே கிடைத்தது என்று ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுங்கள். நீங்கள் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம், அவர்களே வந்து எடுக்கட்டும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். மனசு வலிக்கும், தெரியும். பாட்டாவின் பதக்கங்களை எடுத்து வையுங்கள், அவற்றுக்கு யாரும் லைசென்ஸ் கேட்க மாட்டார்கள்.

சாதாரண வகைத் துப்பாக்கியாக இருந்தால் வழி வேறு. வைத்திருப்பவர் 70 வயதைத் தொட்டாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். அப்பா காலத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

நான் நாகர்கோவில்காரன், கிரீன் கார்டில் ஹூஸ்டனில் இருக்கிறேன். .44 மேக்னம் ஒன்று வாங்கினேன். முதல் நாள் ஆறு வெடியிலேயே உள்ளங்கை வீங்கிவிட்டது. எப்படிப் பழகுவது?

மூன்று அமெரிக்கக் கேள்வி வந்திருந்தது. இதை எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இவர் நேர்மையாகக் கேட்கிறார்.

முதலில் கணக்கைப் பாருங்கள். நம்மூர் .32இன் குண்டு 6 கிராம் சொச்சம், வினாடிக்கு 200 மீட்டருக்குச் சற்று மேல் போகும். 1955இல் வந்த .44 மேக்னத்தின் குண்டு 15 கிராமுக்கு மேல், வேகம் 400 மீட்டரைத் தாண்டும். சேர்த்துப் பார்த்தால் எட்டு ஒன்பது மடங்கு சக்தி. அத்தனை உதையும் உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதையில்தான் வந்து விழுகிறது.

அதனால் மேக்னம் தோட்டாவைக் கொஞ்ச நாள் அலமாரியில் வையுங்கள். அதே ரிவால்வரில் .44 ஸ்பெஷல் போடலாம், நீளம் குறைவு, உதையும் மிகக் குறைவு. அதில் 200, 300 வெடி பழகியபின் மேக்னத்துக்கு வாருங்கள். முதலில் சிலிண்டரில் ஒன்று மட்டும் போட்டுச் சுடுங்கள். பெரிய ரிவால்வரில் உதையின் அதிர்ச்சியில் விரல் தன்னறியாமல் மறுபடி அழுத்தி, துப்பாக்கியின் வாய் வானத்தைப் பார்க்கும்போது இரண்டாவது வெடி கிளம்புவது உண்டு. 2003இல் வந்த .500 மேக்னத்தில் இது இன்னும் ஆபத்து. நீளமான பேரல் வைத்த மாடல் இரண்டு கிலோ எடை இருந்தும் அந்த உதை.

பிடியை எவ்வளவு மேலே பிடிக்க முடியுமோ அவ்வளவு மேலே பிடியுங்கள். இடது கட்டைவிரலை முன்னே நீட்டாதீர்கள். பேரலும் சிலிண்டரும் சேருகிற இடத்தில் நூல் அளவு இடுக்கு இருக்கிறது. வெடிக்கும்போது அதன் வழியே பக்கவாட்டில் சீறுகிற சூட்டு வாயு சதையைக் கிழித்துவிடும். இந்த இடுக்கு இல்லாத பிஸ்டலில் பழகியவர்கள்தான் இதை மறக்கிறார்கள்.

வெடிச்சத்தம் மெலிந்து 'புஸ்' என்று கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள், குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். சிலிண்டர் திடீரென்று சுற்ற மறுத்தாலும் நிறுத்திப் பாருங்கள். முன்பு சுட்ட வெடிகளின் உதையில், மீதித் தோட்டாவின் குண்டு பித்தளைக் கூட்டை விட்டு முன்னுக்கு நகர்ந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

காதுக்கு உள்ளே ஒரு அடைப்பான், மேலே ஒரு மூடி, இரண்டும் வேண்டும். நான் கிடங்கில் ஒரு பழைய .455ஐச் சோதித்த நாளில் பஞ்சை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வெடி சுட்டேன். இடது காதில் அன்று தொடங்கிய ரீங்காரம் இன்றும் ராத்திரியில் கேட்கிறது.

ஊர் திரும்பும்போது கொண்டுவருவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடிபெயர்ந்து வருகிறவர் தடை செய்யப்படாத வகையில் ஒரே ஒரு துப்பாக்கியைக் கொண்டுவர விதி இருக்கிறது. அங்கே ஒரு வருடமாவது வைத்திருந்து பயன்படுத்தியிருக்க வேண்டும், இங்கே லைசென்ஸ் வேண்டும், பிறகு விற்க முடியாது. டிக்கெட் போடுமுன் சுங்கத்துறையிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

குளச்சலில் கடலோர வீடு. .32 ரிவால்வர் உண்டு. மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் போட்டு, தோல் உறையில் வைக்கிறேன். ஆனாலும் துரு.

இரண்டுமே தப்பு. தேங்காய் எண்ணெய் நாளானால் பிசினாகும். அப்படி ஒன்றைத் திறந்து பார்த்தேன், டிரிக்கரை விட்டால் திரும்பி வரவே யோசித்தது. மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்தால் கேட்கவே வேண்டாம். துப்பாக்கிக்கென்று விற்கிற எண்ணெயைத் துணியில் தொட்டு, பளபளப்பு மட்டும் தெரிகிற அளவுக்குத் தடவுங்கள். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும், அது இடுப்பில் கட்ட மட்டும். உப்புக்காற்றும் இரண்டு மழைக்காலமும் உள்ள ஊர் நம்முடையது. வாரம் ஒருமுறை துடையுங்கள், லாக்கருக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். சிலிண்டருக்குள் ஆறு அறையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும்.

களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்துக்கு வியாபாரமாகப் போவேன். ரிவால்வர் கொண்டுபோகலாமா?

லைசென்ஸில் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு வரி இருக்கும். அதில் கேரளா இல்லையென்றால் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். விரிவாக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

மார்த்தாண்டத்தில் கல்லூரியில் படிக்கிறேன் சார். கிளப்பில் .32 சுடுகிறேன். எல்லாம் கீழே இடது பக்கமாகவே போகிறது. பெரிய காலிபருக்கு மாறினால் சரியாகுமா?

மாறினால் இன்னும் கீழே போகும், தங்கச்சி. வெடிக்கு முன்பே உன் கை உதையை எதிர்பார்த்துக் குனிகிறது, வலதுகைக்காரர்களுக்கு அது கீழ் இடதில்தான் தெரியும். தோழியிடம் ரிவால்வரைக் கொடுத்து, நீ பார்க்காமல் நல்ல தோட்டாவையும் வெடிக்காத டம்மியையும் கலந்து போடச் சொல். டம்மி வரும்போது பேரல் நுனியில் உள்ள முன்குறி துள்ளுவது உன் கண்ணுக்கே தெரியும். அது அசையாமல் நிற்கிற நாள் வரை இதையே செய்.

25 மீட்டர் சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் அடித்து வெடிக்கும் வகை) போட்டியில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. .44க்கு அங்கே இடமே இல்லை. பெரும்பாலானவர்கள் சுடுவது .32 தான். உதை குறைவாக இருப்பதால் குறி சீக்கிரம் திரும்புகிறது. நிதானச் சுற்றில் பத்துக்கான வட்டம் 50 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு நெல்லிக்காய் அகலம்தான். ஜஸ்பால் ராணா 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 60 வெடியில் 590 எடுத்தது இந்தப் போட்டியில்தான். பெண்களுக்கு 25 மீட்டரில் .22 பிஸ்டல் போட்டி உண்டு, பயிற்சியாளரிடம் அதையும் கேட்டுப் பார்.

முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைத் தொடாதே, விரலில் ஈயம் இருக்கும்.

கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடலாமா?

கூடாது. 2019 முதல் அதற்கென்றே 2 வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மேலே போன குண்டு யார் வீட்டு ஓட்டிலாவது இறங்கித்தான் தீரும்.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த ரிவால்வர் துருவோடு திரும்பி வந்தது. யாரைக் கேட்பது?

கேட்டுப் பயனில்லை, அடுத்த முறை நீங்கள் தயாராக இருங்கள். ஒப்படைக்குமுன் உள்ளும் புறமும் எண்ணெய் தடவி, எண்ணெய்த் தாளில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். நம்பர் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ரசீதில் அந்த நம்பர் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். திரும்ப வாங்கும்போது சிலிண்டரைத் திறந்து, பேரலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.