மகள் "தெரியல" என்கிறாள், திறனறித் தேர்வு "உளவியல்" என்கிறது

கேள்வி: மகளுக்குப் பள்ளிப்படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது. அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று எப்போது கேட்டாலும் "தெரியல" என்கிறாள். இணையத்தில் ஒரு திறனறித் தேர்வு எழுத வைத்தேன், உளவியல் என்று வந்தது. அதை நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: அதை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். அதற்காகத் தேர்வின் முடிவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாட்டை ஒட்டித்தான் இப்படிப்பட்ட தேர்வுகள் பலவும் அமைந்திருக்கின்றன. கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்தி வைப்பது என்று ஆர்வங்களை அவர் ஆறாகப் பிரித்தார். கவனியுங்கள், ஆர்வங்களை. பெயரில் "திறன்" இருந்தாலும் இந்த மாதிரித் தேர்வுகள் அளப்பது பிடித்தம் எது என்பதைத்தான். மனிதர்களோடு பழகப் பிடிக்கும் என்று உங்கள் மகள் பதில் போட்டிருப்பாள், உளவியல் வந்திருக்கும். அதே பதிலுக்கு ஆசிரியர், செவிலியர் என்று வந்திருந்தாலும் தப்பில்லை.

அப்புறம் அந்த "தெரியல". எனக்கு அது நேர்மையான பதிலாகத்தான் படுகிறது. பதினாறு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்து பார்த்த வேலைகள் எத்தனை இருக்கும்? ஆசிரியர், மருத்துவர், வீட்டில் நீங்கள் பார்க்கும் வேலை, அவ்வளவுதான்.

முதலில், உளவியல் முதலாமாண்டுப் பாடத்திட்டம் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் தளத்தில் இருக்கும், அதை எடுத்து அவளையே படிக்கச் சொல்லுங்கள். மனசைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்து வந்து, புள்ளியியலையும் ஆய்வு முறைகளையும் பார்த்து மிரண்டுபோகிற மாணவர்கள் நிறைய. கணினி அறிவியலில் கணிதமும் அப்படித்தான். பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் அது நல்ல அறிகுறி.

அடுத்து, அந்தத் துறையில் வேலை செய்கிற மூன்று பேரிடம் அரை மணி நேரம் பேச வையுங்கள். இருபது வருட அனுபவசாலியைவிட, சேர்ந்து மூன்று நான்கு வருடமே ஆனவர் நல்லது, ஆரம்பகாலச் சிரமம் அவருக்கு இன்னும் மறந்திருக்காது. "இந்தத் துறை நல்லா இருக்குமா" என்று கேட்டால் பொத்தாம்பொதுவாக ஒரு பதில்தான் வரும். "நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள், அதில் எது அலுப்பு, படித்ததில் எது பயன்பட்டது" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காராதீர்கள், ப்ளீஸ். பெற்றோர் உட்கார்ந்தால் கேள்வியெல்லாம் அவர்களுடையதாகிவிடும், பிள்ளை போனை நோண்டிக்கொண்டிருக்கும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது. சில படிப்புகளுக்குப் பள்ளியிலேயே குறிப்பிட்ட பாடங்கள் படித்திருக்க வேண்டும், கணிதத்தை இப்போது விட்டுவிட்டால் பொறியியல் மாதிரியான கதவுகள் பெரும்பாலும் சாத்திக்கொள்ளும். அதனால் அவள் மனதில் லேசாக ஓடுகிற ஐந்து படிப்புகளுக்கும் தகுதிப் பாடம், நுழைவுத் தேர்வு, விண்ணப்பக் கடைசித் தேதி மூன்றையும் ஒரே தாளில் அவள் கையாலேயே எழுதட்டும். இந்த வாரமே.

எந்தப் படிப்புக்குப் போனாலும் உதவுகிற ஒன்றும் உண்டு. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நல்லது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் சோதித்தபோது, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பல்கலைக்கழகத்தில் "படிச்சியா" என்று யாரும் பின்னால் வரமாட்டார்கள், இந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே பிடித்துக்கொண்டால் அங்கே திணறல் குறையும். இதைத் தொடங்க அவள் எந்தத் துறை என்று முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.