இரண்டு மடங்கு கோர் (கணினிக்குள் கணக்குப் போடும் தனித்தனி அலகு) கொடுத்தால் வானிலை மாதிரி, அதாவது வானிலையைக் கணக்குப் போட்டுக் காட்டும் மென்பொருள், பாதி நேரத்தில் முடியுமா? பெரிய சூப்பர் கம்ப்யூட்டர் வந்தால் மழைக் கணிப்பு துல்லியமாகுமா?

முதல் கேள்விக்குப் பதில், முடியாது. இரண்டாவதற்கு, ஓரளவு ஆகும், ஆனால் நீங்கள் நினைக்கிற விகிதத்தில் ஆகாது. முதலாவதை நான் அசடு வழிந்து கற்றுக்கொண்டேன், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, 2015 டிசம்பர் 1 அன்று சென்னையில் பெய்த மழையை டபிள்யூ.ஆர்.எஃப் என்ற வானிலை மாதிரியில் மறுபடி பெய்ய வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. மாதிரி நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடும். இங்கே 240-க்கு 240 கட்டங்கள், ஒவ்வொன்றும் 3 கிலோமீட்டர் அகலம். 64 கோரில் நாலு மணி நேரம் ஓடியது. நாலு மடங்கு கோர் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டு, 256 கேட்டு ஜாப் அனுப்பினேன். மூன்றரை மணி நேரம் ஆனது. அத்தனை கோர் காலியாவதற்காக க்யூவில் இரண்டு நாள் நின்றது தனிக்கதை.

என்ன நடந்தது? பூர்வீக நிலத்தைப் பங்கு பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொருவரின் நிலமும் சுருங்கும், வரப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும். இங்கேயும் அதே கதைதான். 64 கோருக்குப் பிரித்தால் ஒரு கோருக்கு 30-க்கு 30, அதாவது 900 கட்டங்கள். தன் ஓரத்துக் காற்றைக் கணக்கிட, பக்கத்துக் கோரின் மதிப்புகளும் வேண்டும். சுற்றிலும் நாலு வரிசை வாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 544 கட்டங்களின் எண்கள் வெளியிலிருந்து வர வேண்டும். 256 கோருக்குப் பிரித்தால் சொந்தக் கட்டங்கள் 225, இரவல் கட்டங்கள் 304. சொந்த வேலையைவிட இரவல் அதிகம்! மாதிரி நேரத்தையும் சின்னச் சின்னப் படிகளாகத்தான் நகர்த்தும். இந்தக் கொடுக்கல் வாங்கல் அப்படி ஒவ்வொரு காலப்படிக்கும் நடக்கும். 18 வினாடிப் படியில் நாலு நாள் மழைக்கு 19,200 படிகள். ஒரு கோர் தாமதித்தாலும் மற்றவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் கிளஸ்டரில் (பல கணினிகளைக் கோத்த அமைப்பு) நோடுகளை, அதாவது அந்தத் தனிக் கணினிகளை, இணைத்ததோ அலுவலகங்களில் இருக்கிற சாதாரண ஈதர்நெட் கேபிள். இன்ஃபினிபேண்டு என்ற அதிவேக இணைப்பு இருந்திருந்தால் இவ்வளவு மானம் போயிருக்காது.

நோடுக்குள்ளேயும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. கல்யாண சமையலில் எவ்வளவு வேகமான சமையல்காரர் இருந்தாலும், ஸ்டோர் ரூமிலிருந்து காய்கறி வந்தால்தானே நறுக்க முடியும்? நினைவகத்திலிருந்து எண் வரும்வரை புராசஸர் சும்மா இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள ஃப்ரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டர், 2022-ல் லின்பேக் என்ற வேகச் சோதனையில் 1.1 எக்ஸாஃப்ளாப், அதாவது 1,100 பெட்டாஃப்ளாப் காட்டியது (ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் வினாடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள்). வானிலை மாதிரிகளைப் போல நினைவகத்தை நச்சரிக்கும் எச்.பி.சி.ஜி சோதனையில் அதே இயந்திரம் தொட்டது சுமார் 14 பெட்டாஃப்ளாப். நூற்றில் ஒரு பங்கு சொச்சம்தான். ஆகவே செய்தித்தாளில் 'இத்தனை பெட்டாஃப்ளாப்' என்று படித்தால், அது கடை வாசலில் ஒட்டிய விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, துல்லியத்துக்கு வருவோம். கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நாலு மடங்காகும். அதோடு விடாது. ஒரு காலப்படிக்குள் காற்றும் அலையும் ஒரு கட்டத்தைத் தாண்டி ஓடிவிடக் கூடாது என்று கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற கணித மேதைகள் மூவரும் 1928-லேயே விதி சொல்லிவிட்டார்கள். அதனால் காலப்படியையும் பாதியாக்க வேண்டும். மொத்தம் எட்டு மடங்கு வேலை. உயரவாக்கில் அடுக்குகளையும் இரட்டித்தால் பதினாறு. (9 கிலோமீட்டரிலிருந்து 3-க்கு வந்தபோது பழைய 54 வினாடிக் காலப்படியை மாற்ற மறந்து தொலைத்தேன். சில நிமிடங்களில் எண்கள் கட்டுக்கடங்காமல் ஏறி மாதிரி வெடித்து, லாக் ஃபைல் முழுக்க எச்சரிக்கைகளாக நின்றது.)

வானிலைக் கணிப்புக்காகப் புனேயில் 2018-ல் வந்த பிரத்யுஷ் சூப்பர் கம்ப்யூட்டர் 4 பெட்டாஃப்ளாப். 2024-ல் வந்த அர்கா 11.77. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் 12 கிலோமீட்டர்க் கட்டத்திலிருந்து 2025-ல் பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் என்ற இந்திய மாதிரியின் 6 கிலோமீட்டருக்கு இறங்க, மேலே சொன்ன கணக்குப்படி எட்டு மடங்கு வேண்டும். கணினி மட்டும் வளர்ந்து இது நடக்கவில்லை, பூமியின்மேல் கட்டங்களை அடுக்கும் முறையையே மாற்றினார்கள். அந்த மூளை உழைப்புக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

அப்புறம், கட்டம் எவ்வளவு சிறிதானாலும் தொடக்க நிலை, அதாவது கணக்கு தொடங்கும் நேரத்து வானிலை, சரியாகத் தெரியாவிட்டால் பயனில்லை. வங்கக் கடலுக்கு மேலே வானிலை அளக்கும் பலூன் விடுவதற்கு ஆள் ஏது? 1961-ல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டதற்கே அவருடைய மாதிரி வேறு வானிலையைக் காட்டியது. எனக்கோ கம்பைலரில் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஒரே ஒரு அமைப்பை மாற்றியதற்கு, கனமழை சென்னையை விட்டுக் கடலுக்குள் நகர்ந்துவிட்டது. முதலில் என் கோடில் பிழை என்று நினைத்து ஒரு வாரம் தேடினேன்.

இதனால்தான் மையங்கள் ஒரே ஒரு நுண்ணிய ஓட்டத்தை மட்டும் நம்புவதில்லை. தொடக்க நிலையைச் சற்றே கலைத்துப் பல முறை ஓட்டுகிறார்கள். 2018-ல் இந்தியா தொடங்கிய 12 கிலோமீட்டர் தொகுப்புக் கணிப்பில் அப்படி 21 ஓட்டங்கள். இருபத்தொன்றில் பதினைந்து சென்னையில் கனமழை காட்டினால் ஏரியைத் திறப்பதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு பிடிமானம் கிடைக்கும். நாளைக்கே எனக்கு எட்டு மடங்கு பெரிய இயந்திரம் கிடைத்தால், கட்டத்தைப் பாதியாக்குவதைவிட ஓட்டங்களைக் கூட்டத்தான் செலவழிப்பேன். மேலும் இந்த ஓட்டங்களுக்கு ஒன்றோடொன்று பேச்சுவார்த்தையே கிடையாது, வரப்புத் தகராறும் இல்லை.

நீங்கள் கிளஸ்டரில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். முழு ஓட்டத்துக்கு முன்னால் பத்து நிமிட ஓட்டத்தை 16, 32, 64, 128 என்று ஏற்றிப் பாருங்கள். இரட்டித்தும் நேரம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை என்றால் முந்தைய எண்ணிலேயே நில்லுங்கள். மீதிக் கோர்களில் இரண்டாவது ஓட்டத்தை ஏற்றிவிடலாம்.