மாத்திரையா கணையத்தைக் கெடுத்தது?

கேள்வி: எனக்கு 47 வயது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில் வேலை. எட்டு வருடமாகச் சுகர். ஒரு மாத்திரையில் ஆரம்பித்து இப்போது மூன்று. இனி இன்சுலின் ஊசி போடணும் என்கிறார் டாக்டர். மாத்திரை தின்றே கணையம் கெட்டுப்போச்சு என்கிறார் என் நாத்தனார். நிஜமா?

பதில்: கணையம் தளர்ந்திருப்பது நிஜம். பழி மட்டும் தப்பான இடத்தில் விழுகிறது.

நீங்கள் புடவைக் கடைக்காரர் என்பதால் சொல்வது சுலபம். இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். கணையத்தின் பீட்டா செல் அதைத் தயாரித்தால் மட்டும் போதாது, பிசகாமல் மடிக்கவும் வேண்டும். அதற்கென்றே செல்லுக்குள் ஒரு மடிப்புக்கூடம் உண்டு. எண்டோபிளாச வலை என்பார்கள். தொப்பை விழுந்து உடம்பு இன்சுலினுக்கு மசியாமல் போனால், செல் கூடுதலாக உற்பத்தி செய்தாக வேண்டும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள்: பிரித்துப் போட்ட புடவைகள் மலையாகக் கிடக்க, மடிக்க இரண்டே பேர். செல்லிலும் அப்படித்தான் மடிபடாத புரதம் குவிகிறது. முதலில் உற்பத்தியைக் குறைத்துச் சமாளிக்கும். நெருக்கடி தீரவே இல்லை என்றால், காப்பாற்ற வந்த அதே ஏற்பாடு செல்லைச் சாகச் சொல்லிவிடும்.

அப்புறம் அழற்சி. ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் ஓயாமல் ஏறி நின்றால், நோய் எதிர்ப்புச் செல்கள், பீட்டா செல்கள் இருக்கும் கணையத் திட்டுகளுக்குள் புகுந்து இன்டர்லூகின்-1 பீட்டா போன்ற அழற்சிப் பொருள்களைக் கக்கும். ஆக்சிஜன் கழிவைத் துடைக்கும் நொதிகள் பீட்டா செல்லில் இயல்பிலேயே குறைவு. கல்லீரல் தாங்குவதை இது தாங்காது.

இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். 1977இல் பிரிட்டனில் தொடங்கிய யூகேபிடிஎஸ் என்ற சுகர் ஆய்வின் கணிப்புப்படி, சுகர் என்று தெரியவரும்போதே பீட்டா செல்களின் திறன் பாதியளவுக்குப் போயிருக்கும். அதாவது, முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே.

சுகர் மாத்திரைகளில் மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலில்தான் வேலை செய்கிறது, இன்சுலின் சுரக்கச் சொல்லிக் கணையத்தை விரட்டாது. கிளிமிபிரைடு வகை மாத்திரை விரட்டும். நாத்தனாரின் சந்தேகத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் இளைத்த செல்லை எவ்வளவு விரட்டினாலும் ஓரளவுக்கு மேல் ஓடாது. ஊசி, மடிப்பு வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பது போல. எல்லா செல்லும் செத்திருக்காது. சில வேலை மறந்து அசந்து நிற்கும். சுமை குறைந்தால் அவற்றில் கொஞ்சம் மீளும். சுகர் வந்த புதிதில் சில வாரம் இன்சுலின் போட்டு நிறுத்தியவர்கள் உண்டு. எட்டு வருடத்துக்குப் பிறகு அப்படி நிறுத்தலாம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசி தொடங்கினால் எதைக் குறைக்கணும், குறிப்பாகக் கிளிமிபிரைடு இருந்தால் என்ன செய்யணும் என்று கேளுங்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் திறன் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க சி-பெப்டைடு பரிசோதனை தேவையா என்றும் கேட்கலாம். சீசனில் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத் தள்ளிப்போகும் என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். ஊசியின் வகையும் நேரமும் அதைப் பொறுத்தே முடிவாகும். சர்க்கரை தடாலென்று இறங்கினால் சமாளிக்க, கல்லாப் பக்கம் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும்.